தடுப்பதும் 'லெட்', விடுவதும் 'லெட்': வழக்கொழிந்த ஓர் ஆங்கில வினையின் வரலாறு

1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் ஆங்கில விவிலியத்தில், யாத்திராகமம் 5ஆம் அதிகாரத்தின் முதல் நான்கு வசனங்களைப் படிக்கிறவர் ஓரிடத்தில் திகைத்து நின்றே ஆக வேண்டும். மோசேயும் ஆரோனும் பார்வோன் முன் நின்று, தம் மக்களைப் போகவிடு என்று கேட்கிறார்கள். அங்கே வரும் வினை 'லெட்'. போகவிட மாட்டேன் என்று பார்வோன் மறுக்கிறான். அங்கும் 'லெட்'. நான்காம் வசனத்தில் பார்வோன் அவர்கள்மேல் பாய்கிறான்: மக்களை ஏன் வேலை செய்யவொட்டாமல் தடுக்கிறீர்கள்? அந்தத் 'தடுக்கிறீர்கள்' என்பதற்கும் அதே 'லெட்'தான். விடுதலை கேட்கிறவர் வாயிலும், அவரைக் குற்றம் சாட்டும் அரசன் வாயிலும் எழுத்து மாறாமல் ஒரே சொல் வருகிறது. பொருளோ ஒன்றுக்கொன்று நேர் எதிர்.

இன்றைய ஆங்கிலத்தில் 'லெட்' என்றால் அனுமதி. தடுத்தல் என்ற பொருளில் அதை வினையாக யாரும் பேசுவதில்லை. அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது, எதிர்ப்பொருள் கொண்ட இன்னொரு சொல்லோடு எப்படிப் பல தலைமுறை கூடி வாழ்ந்தது, பிறகு ஏன் மறைந்தது என்பது ஆங்கில மொழி வரலாற்றில் நெடுங்காலமாகப் பேசப்படும் கேள்வி. வழக்கமாகச் சொல்லப்படும் விடை பாதிதான் சரி என்பது என் கருத்து.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஒரே சொல் தன் பொருளைத் தலைகீழாக மாற்றிக்கொண்ட கதை அல்ல இது. பழைய ஆங்கிலத்தில் இவை இரண்டு வினைகள். ஒன்று 'லேட்டன்': நெடில் உயிரோடு ஒலித்தது, விடு, அனுமதி, விட்டுச்செல் என்று பொருள். மற்றது 'லெட்டன்': குறில் உயிர், இரட்டித்த மெய், தடு, தாமதப்படுத்து என்று பொருள். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியும் இவற்றை இரண்டு தனித்தனிப் பதிவுகளாகவே வைத்திருக்கிறது.

தடுத்தலைக் குறித்த 'லெட்டன்' ஒரு பிறவினை. மெதுவான, சோம்பிய என்று பொருள்படும் ஒரு பண்புச்சொல்லிலிருந்து பிறந்தது. அந்தப் பண்புச்சொல்தான் இன்று நாம் தமிழிலும் தயங்காமல் சொல்லும் 'லேட்'. ஒருவரை 'லேட்' ஆக்குவதே 'லெட்டன்'. ஆங்கிலத்தில் ரத்தம் என்ற 'பிளட்'டிலிருந்து ரத்தம் வடிதலைச் சொல்லும் 'பிளீட்' வந்ததும், உணவைக் குறிக்கும் 'ஃபுட்'டிலிருந்து ஊட்டுதலைச் சொல்லும் 'ஃபீட்' வந்ததும் இதே முறையில்தான். பெயரோ பண்போ வினையாகும்போது உயிரொலி மாறும். ஆக, இச்சொல்லின் முதற்பொருள் வழியை மறிப்பது அல்ல. காலத்தைப் பிடித்து இழுப்பது. தாமதப்படுத்தினான் என்பதிலிருந்து தடுத்தான் என்ற பொருள் வளர்ந்தது. பிறகு செயப்படுபொருள் இல்லாமலும் இது வழங்கியது: தயங்கினான், செய்யாமல் நிறுத்திக்கொண்டான் என்று. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்தக் கடைசிப் பொருளை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

விடுதலைக் குறித்த 'லேட்டன்' தமிழ் வாசகருக்கு எளிதில் பிடிபடும். நம் 'விடு' எங்கெல்லாம் போகிறதோ, ஏறக்குறைய அங்கெல்லாம் அதுவும் போகிறது. போக விடுகிறோம், கைவிடுகிறோம், வீட்டை வாடகைக்கு விடுகிறோம். சென்னைத் தெருக்களில் தொங்கும் 'டூ லெட்' பலகை இந்த வினைதான். செழியன் இயக்கித் தேசிய விருது பெற்ற 'டூ லெட்' படத்தின் தலைப்பும் இதுவே. 'செய்வோம்' என்ற தன்மைப் பன்மை ஏவலுக்கும் ஆங்கிலம் இதைத்தான் துணைக்கு அழைத்துக்கொள்கிறது.

இவ்விரண்டும் வெவ்வேறு சொற்கள் என்றேன். ஆனால் சொற்பிறப்பியலாளர்கள் இன்னும் பின்னோக்கிச் சென்று, தொல் இந்தோ ஐரோப்பிய மொழியில் இரண்டுக்கும் ஒரே வேரைக் காண்கிறார்கள். அந்த வேரின் பொருளைத் தமிழில் 'தளர்' என்ற ஒரு சொல்லால் பிடித்துவிடலாம். தளர்ந்தவன் மெல்ல நடப்பான், பிந்துவான்; பிந்தச் செய்வது தடுப்பது. கட்டியிருக்கும் கயிற்றைத் தளர்த்தினால் மாடு போய்விடும், தளர்த்துவது விடுவது. ஒரே வேரின் ஒரு கிளை தடைக்கும் மறு கிளை விடுதலைக்கும் வளர்ந்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்குப் பின் ஆங்கிலத்தில் மறுபடி ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன.

முட்டிக்கொள்வதற்கு முந்தைய நிலையை 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய சாசரிடம் பார்க்கலாம். கேன்டர்பரி கதைகளில் முதலில் வருவது போர்வீரர் சொல்லும் கதை. தீசியஸ் கோமகன் வெற்றி முழக்கத்தோடு ஏதென்ஸுக்குப் போய்க்கொண்டிருக்கிறான். அவனை அப்படியே போகவிட்டு வேறு செய்திக்குத் திரும்புகிறேன் என்கிறார் கதைசொல்லி. அங்கே வருவது 'லேட்டெ'. அதன்பின் இருபது வரிகூடப் போகவில்லை; கதை நீளமானது என்பதால் விரிக்க மாட்டேன், இந்தக் கூட்டத்தில் வேறு எவரையும் தடுக்க மாட்டேன், ஒவ்வொருவரும் தம் முறை வரும்போது சொல்லட்டும், விருந்தை யார் வெல்கிறார் என்று பார்ப்போம் என்கிறார். அந்தத் தடுத்தல் 'லெட்டென்'. ஒன்றில் நெடில், மற்றதில் குறில். அன்றைய காதுக்கு இரண்டும் குழம்பியிருக்க வாய்ப்பில்லை. ஏறக்குறைய ஒரே பக்கத்தில் இரண்டையும் எழுதச் சாசருக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

அடுத்து வந்த தலைமுறைகளில் இரண்டு மாற்றங்கள் நடந்தன. சொல்லின் கடைசியில் இருந்த விகுதி ஒலிகள் தேய்ந்து உதிர்ந்தன. 'லேட்டெ'யின் நெடில் குறிலானது. அடிக்கடி வழங்கும், அழுத்தமில்லாமல் உச்சரிக்கப்படும் சொற்களில் இப்படி நடப்பது இயல்பு. விகுதியும் போய், நெடிலும் போனபின் மிஞ்சியது இரண்டுக்கும் ஒரே ஒலி: 'லெட்'. வேறுபாட்டைக் காட்ட எழுத்திலும் எதுவும் மிஞ்சவில்லை.

ஒலி ஒன்றானதும் தடுத்தல் வினை உடனே செத்துவிடவில்லை என்பதுதான் முக்கியம். 1600ஐ ஒட்டி எழுதப்பட்ட ஹாம்லெட்டின் முதல் அங்கத்தில் தந்தையின் ஆவி கையசைத்துக் கூப்பிடுகிறது. நண்பர்கள் ஹாம்லெட்டைப் போகவொட்டாமல் பிடித்துக்கொள்கிறார்கள். தன்னை 'லெட்' செய்பவனை ஆவியாக்கிவிடுவதாக அவன் மிரட்டுகிறான். இன்றைய பொருளில் படித்தால், தன்னைப் போகவிடுகிறவனைக் கொல்வேன் என்று வரும்; காட்சியே கெட்டுப்போகும். நம் கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் படித்தவர்கள் பலர் அடிக்குறிப்பின் கைபிடித்து இந்த வரியைக் கடந்திருப்பார்கள். அன்றைய லண்டன் அரங்கில் கூடியிருந்தவர்களுக்கு அடிக்குறிப்பு தேவைப்படவில்லை. அடுத்த பத்தாண்டில் வந்த விவிலியத்தில் யாத்திராகமம் தவிர ஏசாயா நூலிலும், பவுல் ரோமருக்கும் தெசலோனிக்கேயருக்கும் எழுதிய நிருபங்களிலும் தடுத்தல் 'லெட்' இருக்கிறது. தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் ஒரே வசனத்தில் இரண்டு முறை வருகிறது.

எப்படிக் குழப்பமில்லாமல் வாழ்ந்தன? தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் பலபொருள் ஒருசொல்லைப் பேசும்போது, வேறுபடு வினையாலும் இனத்தாலும் சார்பாலும் பொருள் தெரியும் என்று வகுத்திருக்கிறார். இங்கே வேலை செய்தது சார்பு. அனுமதிக்கும் 'லெட்' தனக்குப் பின் ஒரு மொட்டை வினையை எதிர்பார்க்கும்: அவனை, போக, விடு. தடுக்கும் 'லெட்' அப்படி வராது. அதன் பின்னால் ஆளோடு வாக்கியம் முடியும், அல்லது நம் ஐந்தாம் வேற்றுமைபோல 'இன்னதிலிருந்து' என்று காட்டும் 'ஃப்ரம்' வரும். பார்வோன் வாயில் வரும் இரண்டு 'லெட்'டும் இந்தக் கணக்குக்குச் சரியாக ஒத்துப்போகின்றன. ஒலி ஒன்றாக இருந்தாலும் வாக்கிய அமைப்பு வேறாக இருந்ததால் கேட்பவருக்குச் சிக்கல் இல்லை.

பேச்சில் ஓய்ந்தபின்னும் இந்த வினை மூன்று இடங்களில் ஒதுங்கிக்கொண்டது: வழிபாடு, சட்டம், விளையாட்டு.

ஆங்கிலத் திருச்சபையின் பொது மன்றாட்டு நூலில், திருவருகைக் காலத்து நான்காம் ஞாயிறு மன்றாட்டில், நம் பாவங்களால் ஓட்டத்தில் தடைபட்டு நிற்கிறோம் என்று சொல்லுமிடத்தில் 'லெட்' வருகிறது. 1549இன் முதல் பதிப்பிலும் 1662 பதிப்பிலும் அது உண்டு. ஆனால் தனியாக வராமல், தடை என்றே பொருள்படும் 'ஹிண்டர்' என்ற சொல்லோடு சேர்ந்து வருகிறது. சட்ட மொழியிலும் இதே இணைதான். நாம் 'தங்குதடையின்றி' என்று சொல்வதற்கு ஈடான தொடர் அது. ஆங்கிலச் சட்டத்தில் இரட்டைச் சொற்கள் ஏராளம். அவற்றில் பலவற்றில் ஒன்று ஆங்கிலச் சொல், மற்றது பிரெஞ்சுவழிச் சொல். இந்த இணையில் இரண்டும் பழைய ஆங்கில வேர் கொண்டவை. இரண்டாவதன் பெயர்ச்சொல் விகுதி மட்டும் பிரெஞ்சிலிருந்து வந்தது.

குத்தகைப் பத்திரங்கள் இன்னும் சுவையானவை. பழைய பாணியில் ஆங்கிலத்தில் எழுதிய பத்திரத்தில் முதலில் உரிமையாளர் வீட்டை 'லெட்' செய்கிறார். சில பத்திகள் தள்ளி, குத்தகைதாரர் எந்த 'லெட்'டும் இல்லாமல் அதை அனுபவிக்கலாம் என்ற உறுதி வருகிறது. முன்னது விடுதல், பின்னது தடை. இரண்டு பழைய வினைகளும் ஒரே தாளில் சந்திக்கின்றன; ஒன்றுக்கொன்று குறுக்கே வருவதில்லை.

பாஸ்போர்ட்டிலும் இதே தொடர்தான். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டின் உள்பக்க வேண்டுகோள் வாசகத்தைப் பின்பற்றி, இந்தியப் பாஸ்போர்ட்டிலும் குடியரசுத் தலைவரின் பெயரால் ஒரு கோரிக்கை அச்சாகியிருக்கிறது: இதை வைத்திருப்பவரைத் தங்குதடையின்றிச் செல்ல அனுமதிக்க வேண்டும் என்று. அதில் உள்ள 'லெட்' சாசர் அறிந்த தடுத்தல். வேலைக்கும் படிப்புக்கும் கடல் கடக்கும் தமிழர் ஒவ்வொருவர் கையிலும் இந்த வழக்கொழிந்த சொல் போகிறது.

விளையாட்டில் அது இன்றும் உயிரோடு இருக்கிறது. டென்னிஸில் சர்வீஸ் போட்ட பந்து வலையில் உரசிச் சரியான கட்டத்தில் விழுந்தால் 'லெட்'. மறுபடி போட வேண்டும். வலையைக் குறிக்கும் 'நெட்' தான் திரிந்து 'லெட்' ஆனது என்று சிலர் விளக்குவார்கள். அதை ஏற்க முடியாது. வலையே இல்லாத ஸ்குவாஷிலும் 'லெட்' உண்டு. அங்கேதான் பொருள் இன்னும் துலக்கமாக இருக்கிறது. இரண்டு பேர் ஒரே அறைக்குள் ஆடுகிறார்கள். பந்தை எடுக்க ஓடும்போது எதிராளி குறுக்கே நின்றால், ஆட்டத்தை நிறுத்தி 'லெட் ப்ளீஸ்' என்று கேட்க வேண்டும். தடை உண்மைதான் என்று நடுவர் கருதினால் அந்தப் புள்ளியை மீண்டும் ஆட வைப்பார். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் இரட்டையர் தங்கம் வென்ற சென்னையின் ஜோஷ்னா சின்னப்பாவும் தீபிகா பள்ளிக்கல்லும் ஆட்ட வாழ்க்கையில் எத்தனையோ முறை கேட்டிருக்கும் சொல் இது. அனுமதி கேட்பதுபோல் தோன்றினாலும், வழியில் தடை இருந்தது என்ற முறையீடுதான் அது.

இனி, ஏன் மறைந்தது என்ற கேள்வி. பாடநூல்கள் சொல்லும் விடை ஒலியொப்பு மோதல்: ஒரே ஒலியில் இரண்டு எதிர்ப்பொருள் இருந்தால் பேச்சு நடக்காது, ஆகவே ஒன்று வெளியேறியது. இக்கருத்தை வலுவாக நிலைநாட்டியவர் ஜில்யெரோன் என்ற அறிஞர். அவருக்காக எட்மோன் என்ற கள ஆய்வாளர் 1897 முதல் 1901 வரை பிரான்சில் 639 இடங்களுக்குச் சென்று மக்கள் பேச்சைக் குறித்து வந்தார். அதிலிருந்து உருவான மொழி வரைபடங்களில் கஸ்கோனிப் பகுதியில் ஒரு செய்தி வெளிப்பட்டது. அங்கு ஏற்பட்ட ஒலிமாற்றத்தால் சேவலுக்கும் பூனைக்கும் ஒரே பெயர், 'கட்', வந்திருக்க வேண்டும். அந்த ஒலிமாற்றம் நடந்த எல்லைக்குள் மட்டும் சேவலுக்கு வேறு பெயர் வழங்கியது. சில ஊர்களில் துணைப் பாதிரியாரைக் குறிக்கும் சொல்லால் சேவலை அழைத்தார்கள், வேறு சில ஊர்களில் காட்டுக்கோழி இனத்துப் பறவையொன்றின் பெயரால். கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் சேவலையும் பூனையையும் குழப்பிக்கொள்வது எந்தக் குடியானவருக்கும் கட்டுப்படியாகாது. ஒலி எல்லையும் பெயர் எல்லையும் வரைபடத்தில் இப்படி ஒன்றின்மேல் ஒன்று பொருந்தியது மறுக்க முடியாத சான்று.

'லெட்' விஷயத்தில் இதற்கு ஆதரவாக டச்சு மொழியைக் காட்டலாம். அங்கே விடுதலுக்கு 'லாடன்', தடுத்தலுக்கு 'பெலெட்டன்'. ஒலி ஒன்றாகவில்லை, இரண்டும் இன்றும் வழக்கில் இருக்கின்றன. ஜெர்மனிலும் விடுதல் 'லாஸன்'. தடுத்தல் வினையின் உறவுச்சொல் 'ஃபெர்லெட்ஸன்', காயப்படுத்து என்ற பொருளுக்கு நகர்ந்து நலமாக வாழ்கிறது. ஒலி மோதிய ஆங்கிலத்தில் மட்டும் ஒன்று மறைந்தது.

ஆனால் எதிர்ச்சான்றும் கையருகே இருக்கிறது. 'கிளீவ்' என்ற ஆங்கில வினைக்குப் பிளத்தல் என்றும் பொருள், ஒட்டிக்கொள்ளுதல் என்றும் பொருள். அவையும் பழைய ஆங்கிலத்தில் இரண்டு வேறு வினைகள், பிறகு ஒலி ஒன்றானவை. இரண்டுமே இலக்கிய வழக்கில் இன்றுவரை தாக்குப்பிடிக்கின்றன. மோதல்தான் கொல்லும் என்றால் அங்கே ஏன் கொல்லவில்லை? அமெரிக்க அறிஞர் மென்னர் 1936இல் இந்த வினாவை ஆங்கிலச் சொற்களை வைத்து ஆராய்ந்தார். ஒலி ஒத்திருந்தால் போதாது, இரண்டும் ஒரே வகைச் சொல்லாக, ஒரே பொருட்சூழலில் புழங்கினால்தான் மோதல் என்று கட்டுப்பாடு விதித்தார். மொழியியலாளர் ரோஜர் லாஸ் 1980இல் இன்னும் கடுமையாகக் கேட்டார்: எந்தச் சொல் சாகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத ஒரு விதி, செத்த பிறகு காரணம் சொல்வது எப்படி விளக்கமாகும்?

லாஸின் கேள்வியை நான் மதிக்கிறேன். அதற்காக மோதலை முழுதும் கைவிடவும் மாட்டேன். எதிர்ப்பொருள் மட்டும் இந்த வினையைச் சாய்க்கவில்லை. முன்பு குறிப்பிட்ட 'தயங்கு, செய்யாமல் நிறுத்திக்கொள்' என்ற பொருள் இங்கே வருகிறது. செய்யாமல் நிறுத்திக்கொள்வதும் செய்யாமல் விட்டுவிடுவதும் ஒன்றுதான். அந்த இடத்தில் தடுத்தல் வினையும் விடுதல் வினையும் எதிரிகளாக இல்லாமல் பக்கத்து வீட்டுக்காரர்களாகிவிட்டன. நேர் எதிர்ப்பொருளைச் சார்பு பிரித்துக் காட்டும். அண்டைப் பொருளைப் பிரித்துக் காட்டுவது அதைவிடக் கடினம்.

இரண்டாவது காரணம் போட்டி. தடுத்தலைச் சொல்ல 'ஹிண்டர்' ஏற்கெனவே இருந்தது. லத்தீன்வழி வந்த சொற்களும் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் குவிந்தன. அவற்றுள் 'பிரிவென்ட்' தனியாகக் கவனிக்கத்தக்கது. அதன் மூலப்பொருள் முன்னே வருதல். பொது மன்றாட்டு நூலில், எங்கள் செயல்களில் எல்லாம் எங்களுக்கு முன்னே செல்லும் என்று கடவுளை வேண்டும் இடத்தில் அந்தச் சொல் இருக்கிறது. இன்றைய பொருளில் படித்தால், எங்கள் செயல்களைத் தடுத்துவிடும் என்று வேண்டுவதாகும். 1611 விவிலியத்திலும் அது முந்துதல், முன்னே வருதல் என்ற பழைய பொருளில்தான் பயில்கிறது. தடுத்தலுக்கு அங்கே 'லெட்'டும் 'ஹிண்டர்'உம் வருகின்றன. முன்னே செல்கிறவன் வழியை மறிக்கவும் முடியும் என்பதால் 'பிரிவென்ட்' மெல்லத் தடுத்தலுக்கு நகர்ந்தது. அது அந்தப் பொருளில் உறுதிப்பட்ட காலமும் 'லெட்' பேச்சிலிருந்து விலகிய காலமும் பெரும்பாலும் ஒன்றே. ஒலியொப்பு 'லெட்'டைப் பலவீனப்படுத்தியது. ஆனால் அதன் இடத்தைப் பறித்தவை இந்த மாற்றுச் சொற்கள். மாற்று இல்லாதிருந்தால், சார்பின் துணையோடு அது இன்னும் பல காலம் ஓடியிருக்கும். மன்றாட்டிலும் பத்திரத்திலும் மாற்றுச் சொல்லைப் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டு அது பிழைத்ததை இதற்குச் சான்றாகக் கொள்கிறேன்.

1755இல் வந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி தடுத்தல் பொருளை இன்னும் பதிவு செய்கிறது. 1833இல் அமெரிக்காவின் நோவா வெப்ஸ்டர் ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தைத் திருத்தி அச்சிட்டபோது, மக்களுக்குப் புரியாத சொல் என்று இதை நீக்கி வேறு வினைகளைப் போட்டார். பிரிட்டனில் 1881இல் வந்த திருத்திய புதிய ஏற்பாடும் ரோமர், தெசலோனிக்கேயர் நிருபங்களில் அதையே செய்தது.

பழைய ஆங்கில நூல்களைத் தமிழில் தருகிறவர்களுக்கும், அவற்றை வகுப்பில் நடத்தும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 18ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய பனுவலில் 'லெட்' கண்ணில் பட்டால், அதன் பின்னால் என்ன வருகிறது என்று முதலில் பாருங்கள். மொட்டை வினை வந்தால் விடுதல். ஆளோடு நின்றாலோ, 'ஃப்ரம்' வந்தாலோ, பெயர்ச்சொல்லாக நின்றாலோ பெரும்பாலும் தடுத்தல். மாணவருக்குக் கொடுக்கும் அருஞ்சொற்பட்டியலில் தெரியாத சொற்களை மட்டும் சேர்க்காமல், தெரிந்ததுபோல் தோன்றும் 'லெட்', 'பிரிவென்ட்' போன்றவற்றையும் சேர்த்துக் கொடுங்கள்.